‘தெரியாது’ என்றால் விலாங்கா?

கேள்வி:

ஐயா, எனக்கு வயது 27. பாம்பன் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமம். கத்தோலிக்கக் குடும்பம். இயற்பியல் படித்துவிட்டு மதுரையில் வேலை பார்க்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் அப்பா போன நாட்டுப்படகு காற்றில் கவிழ்ந்தது. போனவர்கள் மூன்று பேர். இரண்டு பேர் கரை சேர்ந்தார்கள். அப்பா மூன்றாம் நாள் கிடைத்தார். தப்பியவர்களில் ஒருவர் எனக்குச் சித்தப்பா முறை. ‘மாதாதான் காப்பாத்துனா’ என்று தெருமுனையில் கெபி (மாதா சுரூபம் வைக்கும் சிறு குகைக்கோயில்) கட்டி, வருடா வருடம் செபமாலை சொல்லி அசனம் (ஊர்ச் சாப்பாடு) போடுகிறார். அன்றிலிருந்து நான் அவரோடு பேசுவதில்லை.

கடவுளை மனிதனால் அறியவே முடியாது என்பதுதான் இப்போது என் முடிவு. இருக்கிறாரா என்றால் தெரியாது. ஆனால் மதுரையில் அறை நண்பர்கள் பகுத்தறிவாளர்கள். அவர்கள் மத்தியில் ‘இல்லை’ என்று தலையாட்டிவிடுகிறேன். ஊருக்கு வந்தால் அம்மாவிடம் ‘ஆமா’ என்று சொல்லிவிடுகிறேன். இது தெரிந்த நண்பன் ஒருவன் ‘நீ விலாங்குடா’ என்கிறான். அப்பத்தா ‘அஞ்ஞானி’ என்று ஏசுகிறார். நவம்பர் 2 கல்லறைத் திருநாள். நான் வந்து செபம் சொல்லாவிட்டால் அப்பாவின் ஆத்துமா மோட்சம் போகாமல் உத்தரிக்கிற ஸ்தலத்திலேயே (பாவம் கழுவப்படும் இடத்திலேயே) கிடக்கும் என்று அம்மா போனில் அழுகிறார். நம்பாமல் செபம் சொல்வது பொய் இல்லையா? ‘தெரியாது’ என்பது ஒரு நிலைப்பாடா, கோழைத்தனமா? பெயர் வெளியிட வேண்டாம்.

பதில்:

தம்பி,

உங்கள் அப்பத்தாவிடமிருந்தே தொடங்குகிறேன். அவர் சரியாகத்தான் ஏசியிருக்கிறார்.

உங்களைப் போல ‘தெரியாது’ என்பவரை ஆங்கிலத்தில் ‘அக்னாஸ்டிக்’ என்பார்கள். அந்தச் சொல்லை 1869இல் உண்டாக்கியவர் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி என்ற ஆங்கிலேய உயிரியலாளர். கிரேக்கத்தில் ‘க்னோசிஸ்’ என்றால் அறிவு. முன்னால் ஓர் ‘அ’ வைத்தால் அறியாதவன். கிரேக்கத்தின் க்னோசிசும் வடமொழியின் ஞானமும் ஒரே வேரில் கிளைத்தவை. முன்னால் நிற்கும் அந்த ‘அ’வும் அப்படியே. ஆகவே அக்னாஸ்டிக்கைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘அஞ்ஞானி’ என்றுதான் வரும். பழைய பாதிரிமார் கிறிஸ்தவ வேதத்தில் சேராதவர்களை எல்லாம் அஞ்ஞானிகள் என்றே எழுதினார்கள். அந்தச் சொல் உங்கள் அப்பத்தா வாயில் இன்னும் உயிரோடு இருக்கிறது. கலைச்சொல்லாக இப்போது அறியொணாமைக் கொள்கை என்று எழுதுகிறார்கள். எனக்கு அப்பத்தாவின் சொல்லே பிடித்திருக்கிறது, வாயில் நன்றாக உட்காருகிறது.

ஹக்ஸ்லியும் கடலில் கிடந்தவர்தான். 1846 முதல் 1850 வரை ‘ராட்டில்ஸ்நேக்’ என்ற கப்பலில் துணை மருத்துவராக ஆஸ்திரேலியப் பக்கம் சுற்றினார். நம் ஆட்கள் வலையில் சிக்கினால் கை எரியத் திட்டிக்கொண்டே உதறுகிற சொறி மீனை அவர் உட்கார்ந்து ஆராய்ந்தார். பிற்பாடு லண்டனில் பெரிய மனிதர்கள் கூடி வாதிடுகிற ஒரு சங்கத்தில் சேர்ந்தார். அங்கே ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒரு ‘வாதி’ பட்டம் இருந்தது. இவருக்கு மட்டும் இல்லை. பொறியில் வாலை விட்டுவந்த நரி மற்ற நரிகள் நடுவில் நின்றது போல இருந்ததாம். அதனால் தானும் ஒரு வால் செய்து ஒட்டிக்கொண்டதாக 1889இல் எழுதினார். இன்றைக்குப் பலர் நெற்றியில் ஒட்டிக்கொண்டு திரிகிற பட்டம் பிறந்த கதை இதுதான். அவரே அதை ஒரு மதமாகவோ கொள்கையாகவோ சொல்லவில்லை, ஒரு முறை என்றுதான் சொன்னார். அறிவு எவ்வளவு தூரம் கூட்டிப் போகிறதோ அவ்வளவு தூரம் போ; நிறுவப்படாததை நிச்சயம் என்று பாசாங்கு செய்யாதே. அவ்வளவே.

இப்போது விலாங்குக்கு வருவோம். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் என்று நாம் சொல்கிற அந்த விலாங்கு, வசவாக மிகப் பழையது. பௌத்தர்களின் பாலி நூல்களில் ஒரு வகை ஆசிரியர்கள் வருகிறார்கள். மறுமை உண்டா என்று கேட்டால் ‘உண்டு என்று சொல்லேன், இல்லை என்று சொல்லேன், வேறு மாதிரி என்றும் சொல்லேன்’ என்று நழுவுவார்கள். அவர்களுக்கு வைத்த பெயர், அமரா என்ற மீனைப் போல நெளிகிறவர்கள். அது விலாங்கு என்றே பலரும் பொருள் கொள்கிறார்கள். வசவோடு விட்டிருந்தால் நான் அதை உங்களுக்கு எழுதியிருக்க மாட்டேன். ஏன் நழுவுகிறார்கள் என்று நான்கு காரணம் பிரித்துச் சொல்கிறது அந்த நூல். தவறாகச் சொன்னால் பொய்யாகிவிடுமே என்ற அச்சம். ஒரு பக்கம் சொன்னால் அதில் பற்று வந்துவிடுமே என்ற அச்சம். கெட்டிக்காரர்கள் குறுக்குக் கேள்வி போட்டால் மாட்டிக்கொள்வோமே என்ற அச்சம். நான்காவது, சும்மா மந்தபுத்தி.

நான்காவது உங்களுக்கு இல்லை, கடிதமே சொல்கிறது. முதலாவது மரியாதைக்குரிய அச்சம். உங்களுடையது மூன்றாவதோ என்று எனக்குச் சந்தேகம். நண்பர்களிடம் ‘இல்லை’, அம்மாவிடம் ‘ஆமா’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் ‘தெரியாது’ என்று யாரிடம்தான் சொல்லியிருக்கிறீர்கள்? எனக்கு எழுதிய இந்தக் கடிதத்தில் மட்டும். ‘தெரியாது’ என்பவன் விலாங்கு இல்லை, தம்பி. அதைச் சொல்லாமல் ஆளுக்கொரு முனையைக் காட்டுகிறவன்தான் விலாங்கு. உங்கள் நண்பர் பெயரைச் சரியாக வைத்து, காரணத்தை மாற்றிச் சொல்லிவிட்டார்.

வருத்தப்படாதீர்கள். இந்த நோய் பெரியவர்களுக்கும் வந்திருக்கிறது. நம் இராமநாதபுரம் நகரத்திலேயே லட்சுமிபுரத்தில் தாயுமானவர் சமாதி இருக்கிறது. நீங்கள் பஸ்ஸில் எத்தனையோ முறை அந்த ஊரைத் தாண்டிப் போயிருப்பீர்கள். ‘கல்லாத பேர்களே நல்லவர்கள் நல்லவர்கள்’ என்று தொடங்கும் பாட்டில் தன்னைத்தானே கிழித்துப் போடுகிறார் மனிதர். யாராவது ஞானநெறிதான் முக்கியம் என்றால் நான் கர்மம் முக்கியம் என்பேன். கர்மம் என்று ஒருவன் வந்தால் ஞானம் என்பேன். வடமொழி வல்லவன் வந்தால் தமிழில் இருக்கிறதே என்று விவகாரம் செய்வேன். தமிழறிஞர் வந்தால் வடமொழியில் நாலு வசனம் எடுத்துவிடுவேன். இப்படி எல்லாரையும் மிரட்டுகிற வித்தை முத்தி தருமா என்று கேட்கிறார். விலாங்கின் ஒப்புதல் வாக்குமூலம் இதைவிடச் சுத்தமாக நான் படித்ததில்லை. அதே ஆள்தான் ‘எல்லாரும் இன்புற்றிருக்க நினைப்பதுவே அல்லாமல் வேறொன்றறியேன் பராபரமே’ என்றும் பாடினார். அந்த ‘அறியேன்’ யாரையும் மிரட்டுவதற்காக வந்தது இல்லை.

சரி, கடவுளை அறிய முடியுமா? இதில்தான் உங்களோடு எனக்குச் சண்டை.

ஒரே மூச்சில் இரண்டு சொல்லியிருக்கிறீர்கள். ‘எனக்குத் தெரியாது’ ஒன்று. ‘மனிதனால் அறியவே முடியாது’ இன்னொன்று. முதலாவது உங்களைப் பற்றிய செய்தி. அதை மறுக்க எனக்கு உரிமை இல்லை. இரண்டாவது கடவுளைப் பற்றியும், பிறந்த பிறக்கப்போகிற எல்லா மனிதரைப் பற்றியும் ஒரு பெரிய அறிவிப்பு. அதற்குச் சான்று வேண்டாமா?

அப்பாவோடு கடலுக்குப் போயிருக்கிறீர்கள் அல்லவா? கயிற்றில் குண்டைக் கட்டி இறக்கி ஆழம் பார்ப்பார்கள். வடகடலில் நாலைந்து பாகத்திலேயே (ஒரு பாகம் இரு கை விரித்த நீளம்) குண்டு தரையைத் தட்டிவிடும். தென்கடலில் கொஞ்சம் விலகிப் போனால் கயிறு தீர்ந்த பிறகும் தட்டாது. பத்துப் பாகம் கயிறு தீர்ந்தும் தட்டவில்லை என்றால் என்ன தெரிந்தது? பத்துப் பாகத்துக்கு மேல் ஆழம். அவ்வளவுதான் தெரிந்தது. அடியே கிடையாது என்று ஒருவன் சொன்னால் அவன் தன் கயிற்றுக்கு மேலே பேசுகிறான். அடியில் முத்துச்சிப்பி கிடக்கிறது என்பவனும் அப்படியே. எவன் கயிற்றாலும் என்றைக்கும் தொட முடியாது என்று சொன்னால், நீங்களும் அப்படித்தான் பேசுகிறீர்கள்.

‘தெரியாது’விலும் ரகம் உண்டு. இராமேசுவரத்தில் தண்ணீர்த் தொட்டியில் கல்லை மிதக்கவிட்டுக் காட்டுகிறார்களே, அது ஏன் மிதக்கிறது என்று தெரியாவிட்டால் கவலையில்லை. எடைபோடலாம், வெட்டிப் பார்க்கலாம். உள்ளே காற்றறை நிறைந்த கல் மிதக்கத்தான் செய்யும். இயற்பியல் படித்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடவுள் கேள்விக்கு அந்த மாதிரித் தொட்டி இல்லை. அதனால் நம் முன்னோர் முதலில் ‘அளவை’ பற்றிப் பேசினார்கள். காட்சி, கருதல் (ஊகித்து அறிவது), நம்பத்தக்கவர் சொல் என்று அறிகிற வழிகளை வரிசைப்படுத்திவிட்டுத்தான் மற்றதுக்குப் போனார்கள். மணிமேகலையில், எல்லாம் பூதங்களின் சேர்க்கையே என்கிற பூதவாதி ஒருவன் கண்ணால் கண்டதை மட்டுமே நம்புவேன் என்கிறான். உன் தாய் தந்தையை எப்படி அறிந்தாய், கருதல் இல்லாமல் அதை எப்படி அறிவாய் என்று அந்தப் பெண் மடக்குகிறாள். கண்ணால் காணாததைத் தெரியாது என்று தள்ளிவிட முடியாது என்பதற்கு அது போதும். கடவுள் இருக்கிறார் என்பதற்கு அது போதாது.

உங்கள் சபை இந்த விஷயத்தில் தெளிவான ஒரு நிலை எடுத்திருக்கிறது, அது உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. ஹக்ஸ்லி சொல்லை உண்டாக்கியது 1869. மறு ஆண்டே, 1870 ஏப்ரலில், முதல் வத்திக்கான் சங்கம் என்ற ஆயர்கள் பேரவை, படைக்கப்பட்டவற்றைக் கொண்டு மனித அறிவின் இயல்பான ஒளியாலேயே கடவுளை நிச்சயமாக அறிய முடியும் என்று அறிவித்தது. ஆகவே ‘கடவுளை அறிவால் அறிய முடியாது, நம்பிக்கைதான்’ என்று சாமியாரிடம் சொல்லிப் பார்த்தீர்கள் என்றால், அது சபையின் போதனை இல்லை என்று அவரே திருத்துவார். ஆனால் அதே சபையின் தலைசிறந்த அறிஞர் தாமஸ் அக்குவினாஸ் கடவுள் என்ன என்று நம்மால் அறிய முடியாது, என்ன இல்லை என்றுதான் அறியலாம் என்று எழுதினார். கடவுள் உண்டு என்பதற்கு ஐந்து வழி காட்டிய அதே மனிதர்! 1273 டிசம்பரில் ஒரு நாள் பூசைக்குப் பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எழுதியதெல்லாம் வைக்கோலாகத் தெரிகிறது என்றார், மேற்கொண்டு எழுதவில்லை என்று அவருடைய வரலாறு சொல்கிறது. நம் பக்கத்தில் மாணிக்கவாசகர் ‘அவன் அருளாலே அவன் தாள் வணங்கி’ என்று முடித்துக்கொண்டார். அதை அப்படியே ஏற்றால் அறியாதது உங்கள் குற்றம் இல்லை, அருள் இன்னும் வரவில்லை என்றாகும். வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு மாணவன் ‘அப்ப தப்பு அந்தப் பக்கம்தான் சார்’ என்றான். நான் மறுக்கவில்லை.

என் வீட்டுக் கதை ஒன்று. என் மனைவி உத்தரகோசமங்கை பக்தை. அங்கே மரகத நடராசருக்கு வருடம் முழுவதும் சந்தனக் காப்பு. மார்கழியில் ஆருத்ரா தரிசனத்துக்கு முதல் நாள் மட்டும்தான் களைவார்கள். அன்றைக்கு அவள் உள்ளே போவாள்; நான் வெளியே இரண்டு ஜோடி செருப்போடு நிற்பேன். ‘சந்தனத்துக்குள்ள சாமி இருக்குன்னு வருசம் பூரா எனக்குத் தெரியும், உங்களுக்குக் களைஞ்சாத்தான் தெரியும்’ என்பாள். நல்ல வாதம்தான். ஆனால் உத்தரகோசமங்கையில் களைகிற நாள் ஒன்று இருக்கிறது. போன வருடம் பார்த்தவர்கள் இருக்கிறார்கள், ஐயம் இருந்தால் அடுத்த மார்கழிக்குப் போய்ப் பார்க்கலாம். உலகத்துக்கு அப்படி ஒரு மார்கழி உண்டா என்பதுதான் கேள்வியே. செத்தபிறகு தெரியும் என்கிறார்கள். ஒருவேளை தெரியலாம். தெரிந்தவர் யாரும் திரும்பி வந்து சொல்லவில்லை. உங்கள் மாதா கோயிலில் ஒருவர் வந்ததாகச் சொல்வார்கள்; அந்தச் சாட்சியத்தை எடைபோடுவது தனி வழக்கு, இங்கே திறந்தால் மூடாது.

உங்கள் அறை நண்பர்களுக்கும் நியாயம் செய்துவிடுகிறேன். ‘இல்லை’ என்பது முட்டாள்தனமான பதில் அல்ல. பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் என்ற பிரிட்டிஷ் தத்துவ அறிஞர் 1947இல் இதைப் பற்றி எழுதினார். தத்துவக்காரர்கள் நடுவில் நான் அக்னாஸ்டிக் என்பேன், ஏனென்றால் இல்லை என்று நிறுவ எனக்கு வழி இல்லை. சாதாரண மனிதரிடம் பேசும்போது நாத்திகன் என்பேன், ஏனென்றால் பழைய கிரேக்கக் கடவுள்கள் இல்லை என்றும் நிறுவ வழி இல்லை, அவர்களைப் பற்றி யாரும் ‘தெரியாது’ என்று இழுப்பதில்லையே என்றார். அவரும் ஆளுக்கொரு பதில்தான் சொன்னார். ஆனால் இரண்டையும் ஒரே பக்கத்தில் அச்சிட்டுக் காரணமும் சொன்னார். விலாங்கு அதைச் செய்யாது.

இதுவரை எழுதியது உங்கள் கேள்விக்கு. இனி நீங்கள் கேட்காததற்கு.

கடிதத்தில் கடவுளைப் பற்றி நாலு வரி இருக்கிறது. கெபியைப் பற்றி அதைவிடக் கூர்மையாக எழுதியிருக்கிறீர்கள். ‘அறிய முடியுமா’ என்பது உங்கள் தலையின் கேள்வி. ‘மாதா அவரைப் பார்த்தாள் என்றால் அப்பாவைப் பார்க்கவில்லையா’ என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்குப் பதில் இல்லாத வலியில் முதலாவதைக் கவசமாகப் போட்டிருக்கிறீர்களோ என்று எனக்குத் தோன்றுகிறது. தவறாக இருந்தால் மன்னியுங்கள்.

அந்த இரண்டாவது கேள்வி கடலோரத்திலேயே பிறந்தது. தியாகராஸ் என்ற கிரேக்கர், கடவுள் இல்லை என்று சொல்லிப் பேர் வாங்கியவர். சமோத்ராக்கி தீவில், புயலில் நேர்ந்துகொண்டு தப்பியவர்கள் மாட்டிய நேர்த்திப் படங்களை ஒரு நண்பர் காட்டினார். பார், கடவுள் மனிதர்களைக் கவனிக்கிறார் என்பதற்கு இத்தனை சாட்சி என்றார். முழுகிப் போனவர்கள் படம் எங்கேயும் மாட்டவில்லையே என்றார் தியாகராஸ். ரோமானிய அறிஞர் சிசரோ எழுதிவைத்த கதை இது. 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைக் கடல் எடுத்துக்கொண்டபோது இராமேசுவரம் கோயில் நின்றது, உள்ளே ஒதுங்கியவர்கள் பிழைத்தார்கள், சாமி காத்தது என்று நான் சிறுவனாக இருக்கும்போது தேவிபட்டினத்தில் பேசிக்கொள்வார்கள். தனுஷ்கோடி தேவாலயத்தின் சுவர்கள் மொட்டையாக இன்றும் நிற்கின்றன. அந்த ராத்திரி ரயிலோடு போன நூற்றுக்கு மேற்பட்டவர்கள் எந்தச் சாமியையும் கூப்பிடாமலா இருந்திருப்பார்கள்? தப்பியவர்களை மட்டும் எண்ணிப் போடுகிற கணக்கு சான்று ஆகாது. அந்த வகையில் உங்கள் கோபம் தர்க்கப்படி சரி.

ஆனால் உங்கள் சித்தப்பா கணக்குப் போடவில்லை, தம்பி. அவர் நன்றி சொல்கிறார். ஒருவேளை, உங்கள் அப்பா போகத் தான் பிழைத்த கூச்சத்தைத் தாங்க முடியாமல் சிமெண்டில் கட்டிவைத்திருக்கிறார். கெபியை ஒரு வாதமாகப் படித்தால் அது தோற்றுப்போன வாதம்தான். அவர் அதை வாதமாகக் கட்டினாரா?

உங்கள் வேதத்திலேயே யோபுவின் கதை இருக்கிறது, அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். எல்லாம் பறிபோனவனிடம் நண்பர்கள் மூன்று பேர் வந்து ஏன் இப்படி ஆயிற்று என்று கடவுள் சார்பில் விளக்கம் சொல்கிறார்கள். யோபு ஏற்கவில்லை, மல்லுக்கு நிற்கிறான். கடைசியில் சூறாவளியிலிருந்து குரல் வருகிறது. கடலைக் கதவு போட்டு அடைத்தவர் யார், கடலின் ஊற்றுவரை நீ போயிருக்கிறாயா என்று கேள்வி மேல் கேள்வி. ஏன் என்பதற்கு மட்டும் பதில் இல்லை. ஆனால் விளக்கம் சொன்ன அந்த மூன்று பேர் மேல்தான் கடவுளுக்குக் கோபம். என்னைப் பற்றிச் சரியாகப் பேசியவன் யோபு என்கிறார். விசுவாசிகளின் புத்தகம் ஒன்று முறையிட்டவன் பக்கம் நிற்பதை நான் ஒவ்வொரு முறையும் வியந்துதான் வகுப்பில் சொல்வேன்.

ஹக்ஸ்லிக்கும் இது நடந்தது. 1860 செப்டம்பரில் அவருடைய மூத்த மகன், நாலு வயதுகூட நிரம்பாத பையன், காய்ச்சலில் போனான். சார்லஸ் கிங்ஸ்லி என்ற பாதிரியார் ஆறுதல் எழுதினார். ஹக்ஸ்லி நீளமாகப் பதில் எழுதினார். ஆன்மா அழியாதது என்பதை நான் மறுக்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை. நம்பக் காரணம் தெரியவில்லை, பொய்யென்று காட்டவும் வழி இல்லை என்றார். அடக்கத்தின்போது குரு வாசித்தாராம்: மரித்தோர் எழுவதில்லை என்றால் உண்போம் குடிப்போம், நாளைக்குச் சாவோம். அதைக் கேட்டு அவருக்கு ஆத்திரம் வந்தது. குட்டியைப் பறிகொடுத்த குரங்குகூடத் தின்னப் போகாது, துக்கம் தீரத் துக்கப்படும் என்று எழுதினார். ‘தெரியாது’ என்பவனுக்குத் துக்கத்தில் தள்ளுபடி எதுவும் கிடைக்காது. ‘அக்னாஸ்டிக்’ என்ற சொல் பிறப்பதற்கு ஒன்பது வருடம் முந்தி எழுதிய கடிதம் அது.

இனி நவம்பர் 2.

போங்கள். இதில் எனக்கு இரண்டாவது யோசனை இல்லை. முந்தின நாளே போய்க் கல்லறைக்கு வெள்ளையடியுங்கள்; உப்புக்காற்றுக்கு இரண்டு வருடத்தில் உரிந்துதான் இருக்கும். மெழுகுவத்தி, பூமாலை எல்லாம் உங்கள் கையால். சாமியார் தீர்த்தம் தெளித்து மந்திரிக்கும்போது அம்மா பக்கத்தில் நில்லுங்கள். இதில் எதுவும் உங்கள் வாயால் பொய் சொல்லச் சொல்லவில்லை.

செபத்துக்கு வந்தால், ஒரு வேறுபாடு பாருங்கள். விசுவாசப் பிரமாணம் ‘விசுவசிக்கிறேன்’ என்று தன்மையில் முடிகிறது. அது ஓர் உறுதிமொழி. நம்பாமல் சொன்னால் பொய்தான். அந்த இடத்தில் வாயை மூடிக்கொள்ளுங்கள், யாரும் உதட்டை உற்றுப் பார்க்கப் போவதில்லை. ‘நித்திய இளைப்பாற்றியை அவருக்கு அளித்தருளும் ஆண்டவரே, முடிவில்லாத ஒளி அவர்மேல் ஒளிர்வதாக’ என்பது வேறு. அது வேண்டல், ஆசை. அப்பாவுக்கு இளைப்பாற்றி கிடைக்க வேண்டும் என்று நீங்கள் ஆசைப்படவில்லையா? ஆசைக்கு மெய் பொய் கிடையாது. ‘ஆண்டவரே’ என்று கூப்பிடுகிறோமே என்று கேட்பீர்கள். ஆன்டனி கென்னி என்ற ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் குருப்பட்டம் வாங்கி, பிறகு அதைவிட்டு வந்து, தன்னை அக்னாஸ்டிக் என்றே சொல்லிக்கொண்டவர். அவர் இதற்கு ஒரு பதில் சொல்லியிருக்கிறார். நடுக்கடலில் தத்தளிக்கிறவன் கேட்பதற்கு ஆள் இல்லாமல் போகலாம் என்று தெரிந்தும் கூவுகிறான்; அதில் அறிவுக்குப் பொருந்தாதது ஒன்றும் இல்லை. இருட்டில் ‘யாரும் இருக்கியளா’ என்று கத்துகிறவன் ஆள் இருப்பதாகப் பொய் சொல்லவில்லை.

பூசையில் நன்மை (நற்கருணை) வாங்க மட்டும் போகாதீர்கள். அது நம்புகிறவர்களுக்கு உயிர் போன்ற விஷயம், சபையின் விதியும் அதுவே. பின் பெஞ்சில் இருங்கள். அம்மா கவனிப்பார், கேட்பார். அப்போது ஹக்ஸ்லி, ரஸ்ஸல் யாரையும் இழுக்காமல் ‘எனக்குத் தெரியலம்மா’ என்று சொல்லுங்கள். உத்தரிக்கிற ஸ்தலம் இருக்கிறதா இல்லையா என்று வாதாடாதீர்கள். செத்துப்போன புருசனுக்கு இன்னும் தான் செய்ய ஏதோ பாக்கி இருக்கிறது என்று அந்த அம்மா நினைக்கிறார். அதை ஒரு பிரசங்கத்தில் பிடுங்கி உங்களுக்கு ஆகப்போவது ஒன்றும் இல்லை. ‘கும்பிட்டுவச்சா என்ன நட்டம், இருந்தா பலன்’ என்றும் சொல்வார், எல்லா அம்மாக்களும் சொல்வார்கள். பாஸ்கல் என்ற பிரெஞ்சுக்காரர் அதையே பெரிய வாதமாக எழுதிப்போனார். எந்தச் சாமியை என்ற கேள்வி அங்கே இடிக்கும். நம் கரையில் அரைமணி நேர பஸ் தூரத்துக்குள் கோயிலும் தர்காவும் மாதா கோயிலும் இருக்கின்றன. இதை அம்மாவிடம் சொல்ல வேண்டாம், உங்களுக்காகச் சொன்னேன்.

மதுரைக்குத் திரும்பியதும் அறை நண்பர்களிடமும் அதே வார்த்தை. ‘தெரியாதுடா’. சிரிப்பார்கள், ஒரு வாரம் ஓட்டுவார்கள்.

அப்புறம் ஒன்று. ஊரில் இருக்கிற நாலு நாளில் ஒரு நாள் சாயங்காலம் அந்தச் சித்தப்பா வீட்டுக்குப் போங்கள். கெபி பேச்சை எடுக்க வேண்டாம், மாதா பேச்சையும் வேண்டாம். படகு கவிழ்ந்த பிறகு அப்பா எவ்வளவு நேரம் பலகையைப் பிடித்திருந்தார், ஏதாவது பேசினாரா, யார் பெயரையாவது சொன்னாரா என்று கேளுங்கள். இரண்டு வருடமாக நீங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்ல ஆள் இல்லாமல் இருக்கிறார். அது அவருக்குத் தெரியும்.